எஸ்சிட்டலோபிராம் மாத்திரை: மருந்தகச் சன்னலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலப் புறநோயாளிப் பிரிவை ஒட்டிய மருந்தகத்தில் மாத்திரை வழங்குவது என் வேலை. அங்கே என் கையைக் கடந்து போகும் மாத்திரைகளில் மிக அதிகமானவற்றுள் ஒன்று எஸ்சிட்டலோபிராம். வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது, சன்னலுக்கு அப்பாலிருந்து வரும் கேள்விக்கு இரண்டு வரியில்தான் பதில் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்லாமல் விட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். யாருக்கு எந்த அளவு, எத்தனை காலம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பரிசோதித்த மருத்துவரே. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு உள்ளே போக இந்தப் பதில்கள் உதவினால் போதும்.

இது எதற்கான மாத்திரை? எங்களிடம் 'நரம்பு மாத்திரை' என்றுதான் சொன்னார்கள்.

'நரம்பு மாத்திரை' என்பது, டிப்ரெஷன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காக நம் ஊரில் புழக்கத்துக்கு வந்த பெயர். கை கால் மரமரப்புக்குத் தரும் வைட்டமினும், சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்குத் தரும் மாத்திரையும், வலிப்பு மாத்திரையும் இதே பெயரில்தான் வீடுகளில் அழைக்கப்படுகின்றன. இதனால் வரும் சிக்கல் சிறியதன்று. நாளை வேறொரு மருத்துவர் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது "ஒரு நரம்பு மாத்திரை" என்ற பதிலால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே எஸ்சிட்டலோபிராம் என்ற மூலப்பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இது மனச்சோர்வுக்கான மருந்து. நாள்பட்ட பதற்றம், திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் பீதித் தாக்குதல், கூட்டத்தின் முன் பேச அஞ்சும் சமூக அச்சம், கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சி நோய் ஆகியவற்றுக்கும் தரப்படுகிறது. அமெரிக்காவில் 2002 ஆகஸ்டில் மனச்சோர்வுக்கும், 2003-இன் இறுதியில் பொதுவான பதற்ற நோய்க்கும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. எனவே இந்த மாத்திரை உங்களுக்கு எழுதப்பட்டிருப்பதை மட்டும் வைத்து, உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று மருந்துக் கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ முடிவு கட்ட முடியாது.

கவலை யாருக்குத்தான் இல்லை? அதற்கெல்லாம் மாத்திரையா?

கவலைக்கு மாத்திரை இல்லை. வேலை போனதும், வீட்டில் ஒரு சாவு நேர்ந்ததும் மனம் வாடுவது நோய் அன்று. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மனம் இருண்டே கிடந்து, அல்லது முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டமற்றுப் போய், அதனுடன் தூக்கம், பசி, உடல் வலு, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் பலவும் சரிந்து, அன்றாட வேலையே தடைப்படும்போதுதான் மருத்துவர் அதை மனச்சோர்வு நோய் என்று கணிக்கிறார். இலேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் தூக்க ஒழுங்குமே முதலில் போதும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டிகளின் பொதுவான நிலை. நடுத்தரமான, கடுமையான மனச்சோர்வில்தான் மாத்திரையின் பலன் தெளிவாகத் தெரிகிறது.

நம்மிடையே இந்த நோய் "மனசு சரியில்லை" என்ற சொல்லோடு வருவதைவிட "உடம்பெல்லாம் வலி", "தலைபாரம்", "ஒரே அசதி" என்ற சொற்களோடு வருவதே அதிகம். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால், மாத்திரை எழுதுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை கேட்கும் மருத்துவரைச் சந்தேகிக்காதீர்கள்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது?

மனச்சோர்வு மருந்துகளின் கதை காசநோய் விடுதியில் தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில், இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தை உட்கொண்டவர்களில் சிலர் எதிர்பாராத அளவுக்கு உற்சாகமும் பசியும் பெற்றதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்தத் தற்செயலிலிருந்து பிறந்த முதல் தலைமுறை மருந்துகள் வேலை செய்தன. ஆனால் உணவுக் கட்டுப்பாடு, இதயப் பாதிப்பு, மயக்கம் என்று அவற்றின் சுமையும் பெரிதாக இருந்தது. செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை மட்டும் குறிவைக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சி அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. அமெரிக்காவில் 1987-இன் இறுதியில் ஒப்புதல் பெற்ற ஃபுளூவாக்சிடின் அவற்றில் மிகப் புகழ்பெற்றது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனம் உருவாக்கிய சிட்டலோபிராம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு மூலக்கூறு வடிவங்கள் அதில் சம அளவில் கலந்திருக்கும். வேலை செய்வது ஒரு வடிவம்தான்; மற்றது சும்மா இருப்பதோடு, வேலை செய்வதற்குச் சற்றே இடையூறாகவும் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டின. வேலை செய்யும் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்ததே எஸ்சிட்டலோபிராம். 20 மில்லிகிராம் சிட்டலோபிராம் செய்வதை இது ஏறக்குறைய 10 மில்லிகிராமில் செய்வது அதனால்தான். அமெரிக்காவில் லெக்ஸாப்ரோ, ஐரோப்பாவில் சிப்ராலெக்ஸ் என்று விற்கப்பட்ட இம்மருந்து, காப்புரிமை முடிந்த பின் பல நிறுவனங்களால் பல பெயர்களில் மலிவாகத் தயாரிக்கப்படுகிறது. அட்டையின் நிறமும் பெயரும் மாதத்துக்கு மாதம் மாறினாலும், மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதான்.

மூளைக்குள் போய் என்ன செய்கிறது?

நரம்பு செல்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு செல் செய்தி அனுப்பும்போது செரோட்டோனின் போன்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் உமிழ்கிறது. அது எதிர்ப்பக்கத்துச் செல்லின் ஏற்பிகளில் ஒட்டிச் செய்தியைச் சேர்க்கிறது. வேலை முடிந்ததும், உமிழ்ந்த செல்லே தன் சுவரிலுள்ள ஒரு கடத்திப் புரதத்தின் வழியாக மீந்ததைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எஸ்சிட்டலோபிராம் போய் அடைப்பது அந்தக் கடத்தியை. வயலின் வடிமடையை அடைத்தால் நீர் மட்டம் ஏறுவதைப் போல, இடைவெளியில் செரோட்டோனினின் அளவு ஏறுகிறது.

இந்த அடைப்பு, மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. வழக்கமான சிகிச்சை அளவில் ஏறத்தாழ 80% கடத்திகள் அடைபடுவதை மூளைப் படப்பதிவுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் மனம் தெளிய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பதுதான் இந்த மருந்தின் மையமான புதிர். ஒரு விளக்கம் இது: நீர் மட்டம் ஏறியதைக் கண்ட மதகுக்காரர் மேல் மதகை இறக்குவதைப் போல, உமிழும் செல்லில் உள்ள தன்னுணர் ஏற்பிகள் "போதும்" என்று சொல்லி உமிழ்வைக் குறைத்துவிடுகின்றன. நாள்தோறும் மட்டம் உயர்ந்தே இருக்கக் கண்டு அந்த ஏற்பிகள் மெல்ல மெல்லத் தம் கூர்மையை இழந்த பிறகே உமிழ்வு பழைய நிலைக்கு வருகிறது. மற்றொரு விளக்கம், செரோட்டோனின் ஏற்றத்தைத் தொடர்ந்து நரம்பு செல்களின் வளர்ச்சிக் காரணிகள் கூடி, செல்களுக்கு இடையிலான இணைப்புகள் புதிதாகத் தழைக்கின்றன என்பது. செடி தழைக்கும் வேகத்தில்தான் அதுவும் நடக்கும். இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

அப்படியானால், செரோட்டோனின் குறைந்துபோனதால்தான் மனச்சோர்வு வருகிறதா?

'வேதிப்பொருள் சமநிலை குலைவு' என்ற அந்தப் பழைய விளக்கம் சொல்வதற்கு எளிது, ஆனால் சரியன்று. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரோட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோவன்னா மொன்கிரீஃப் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு சுட்டிக்காட்டியது. அந்தச் செய்தி பரவியபோது "அப்படியானால் மாத்திரையே ஏமாற்றா?" என்று சன்னலில் கேட்டவர்கள் உண்டு. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது. அதனால் பாராசிட்டமால் பற்றாக்குறையால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நோயின் காரணம் வேறு, மருந்தின் வழி வேறு. மருந்து பலன் தருகிறதா என்பதை அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் உள்ளடக்கி 2018-இல் வெளியான தொகுப்பாய்வில், ஒப்பிடப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. அந்தக் கூடுதல் சராசரியாக மிதமானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சராசரிக்குள் நன்றாகத் தேறியவர்களும் இருக்கிறார்கள், சற்றும் தேறாதவர்களும் இருக்கிறார்கள்.

பத்து நாளாகப் போடுகிறேன். குமட்டல்தான் வந்தது, மனம் அப்படியே இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

சன்னலில் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். இன்னும் பலர் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு முறை நடுவயதுப் பெண்மணி ஒருவர், மூன்று மாதத்துக்கு முன் நான் கொடுத்த அட்டைகளைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்தார். முப்பது மாத்திரையில் எட்டுக் குழிகள் மட்டுமே காலியாக இருந்தன. "எட்டு நாள் போட்டேன் சார், வயித்தைப் பிரட்டுனதுதான் மிச்சம். இது எனக்குச் சேராத மாத்திரை" என்றார். மாத்திரை அவருக்குச் சேராதது என்று எட்டு நாளில் யாராலும் சொல்ல முடியாது. அந்த எட்டு நாட்களும் இந்த மருந்து தொல்லையை மட்டும் தந்து பலனைத் தராத நாட்கள்.

பக்க விளைவுகள் முதல் நாளிலிருந்தே வரும். பலன் இரண்டாம் வாரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். முழுதாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்களும், சிலருக்கு எட்டு வாரங்களும் ஆகும். வரிசையும் நாம் எதிர்பார்ப்பதைப் போல இருப்பதில்லை. முதலில் தூக்கமும் பசியும் சீராகும். பிறகு எழுந்து குளிக்கவும் கடைக்குப் போகவும் தெம்பு வரும். "மனசு லேசாயிருக்கு" என்ற உணர்வு பலருக்குக் கடைசியில்தான் வரும். மாற்றத்தை நோயாளிக்கு முன்பே வீட்டார் கவனித்துவிடுவதும் உண்டு. தொடங்கிய நாளைத் தினசரி நாட்காட்டியில் குறித்து வைத்து, இரண்டாம் வாரம், நான்காம் வாரம், ஆறாம் வாரம் என்று மூன்று தாள்களில் மட்டும் தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் எப்படி என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது "அப்படியேதான் இருக்கு" என்று ஞாபகத்திலிருந்து சொல்லும் பதிலைவிட அந்த மூன்று வரிகள் அவருக்கு மிகுதியாக உதவும்.

நான்கு வாரங்களில் எள்ளளவும் மாற்றமில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

எந்த அளவில், எப்போது போட வேண்டும்?

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளுக்கு ஒரு முறை 10 மில்லிகிராம். பதற்றம் மிகுந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் 5-இல் தொடங்குவார்கள். உச்ச அளவு 20. முதியவர்களுக்குப் பெரும்பாலும் 10-ஐத் தாண்டுவதில்லை. உணவுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். குமட்டல் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது இதமாக இருக்கும். தூக்கம் வருகிறது என்பவர் இரவிலும், தூக்கம் கெடுகிறது என்பவர் காலையிலும் போடலாம். எந்த வேளையானாலும் அதே வேளையில் தொடர வேண்டும்.

இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். அதனால்தான் ஒரு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒரு வேளை மறந்துவிட்டாலும் பெரிய கேடு வராது. நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

என்னென்ன பக்க விளைவுகள் வரும்?

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வாய் உலர்தல், வியர்வை, கொட்டாவி, தூக்கம் கூடுவது அல்லது குறைவது ஆகியவை பொதுவானவை. உடலிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருப்பது மூளையில் இல்லை, குடலில்தான். ஆகவே வயிறு முதலில் முரண்டுபிடிப்பதில் வியப்பில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் இவை அடங்கிவிடும். தொடக்க நாட்களில் பதற்றம் சற்றுக் கூடுவதும் உண்டு. பீதி நோய் உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர்கள் மிரண்டுபோவார்கள்.

சன்னலில் யாரும் கேட்காத, ஆனால் மருந்தை நிறுத்தவைப்பதில் முன்னணியில் இருக்கும் விளைவு ஒன்று உண்டு. தாம்பத்திய நாட்டம் குறைவது, ஆண்களுக்கு விந்து வெளியேறத் தாமதமாவது, இருபாலருக்கும் உச்சநிலை எட்டாமல் போவது ஆகியவை இம்மருந்தில் அரிதல்ல. மற்றவற்றைப் போல இவை தாமாக அடங்குவதும் குறைவு. புதிதாக மணமான இளைஞர் ஒருவர் காரணம் சொல்லாமல் மாத்திரையை விட்டால் நான் முதலில் இதைத்தான் நினைப்பேன். அளவைக் குறைப்பது, வேறு வகை மருந்துக்கு மாறுவது என்று வழிகள் உள்ளன. மருத்துவரிடம் சொன்னால்தான் அவை திறக்கும்.

முதியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது இரத்தத்தில் சோடியம் குறைவது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை போடுகிறவர்களிடம் இது கூடுதல். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் முதியவர் ஒருவர் தள்ளாடினாலோ, குழம்பிப் பேசினாலோ, "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் சோடியம் பரிசோதனை செய்ய வேண்டும். அளவு கூடும்போது இதயத்தின் மின்துடிப்பு இடைவெளி நீளக்கூடும் என்பதால், இதய நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் ஈசிஜி கேட்பார்.

முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் வரும் என்கிறார்களே, உண்மையா?

குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், 24 வயது வரையிலான இளைஞர்கள் ஆகியோரில் சிலருக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் அத்தகைய எண்ணங்கள் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவந்தது. அதனால் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் குழந்தைகளுக்கும், 2007-இல் 24 வயது வரையிலும் மனச்சோர்வு மருந்துகள் அனைத்தின் விவரத்தாளிலும் கடும் எச்சரிக்கையை இடச் செய்தது. மூத்த வயதினரிடம் இந்தக் கூடுதல் காணப்படவில்லை. சிகிச்சையில்லாத மனச்சோர்வே தற்கொலைக்குப் பெரிய ஆபத்து என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலே சொன்னதைப் போல மனம் தெளிவதற்கு முன் உடம்புக்குத் தெம்பு வந்துவிடும் அந்த இடைப்பட்ட வாரங்களில் வீட்டார் உடனிருக்க வேண்டும். ஓய்வில்லாத பரபரப்பு, திடீர் எரிச்சல், தூக்கமே இல்லாமை, சாவைப் பற்றிய பேச்சு இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.

முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகமும் செலவும் பேச்சுமாகச் சில நாட்கள் இருந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். இருமுனை நோய் உள்ளவருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்த அதீத உற்சாகம் மீண்டும் கிளம்பக்கூடும்.

இது தூக்க மாத்திரையா? பழகிப்போய்விடுமா?

இல்லை. போதை தருவதோ, ஏக்கம் உண்டாக்குவதோ, நாளுக்கு நாள் கூடுதலாகக் கேட்கவைப்பதோ இதன் இயல்பில் இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் காரணமில்லாமல் வரவில்லை. எஸ்சிட்டலோபிராமுடன் குளோனசெபாம் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இந்தியாவில் ஏராளமாக விற்கின்றன. பெயரின் பின்னால் 'பிளஸ்' போன்ற ஒட்டு இருக்கும். குளோனசெபாம் அரை மணி, ஒரு மணியிலேயே பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும், பழக்கமாவதும் அதுதான். தொடக்க வாரங்களின் தவிப்பைக் கடக்க மருத்துவர் அதைச் சில வாரங்களுக்குத் தருவதில் தவறில்லை. பழைய சீட்டைக் காட்டிக் காட்டி அதையே ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பதுதான் தவறு. இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அட்டையைத் திருப்பி இரண்டு மூலப்பெயர்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

வேறு மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா?

சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகள் பெரும்பாலானவற்றோடு போடலாம். கவனிக்க வேண்டியவை சில:

ஓமிப்ரசோல், ஈசோமிப்ரசோல் என்ற 'கேஸ் மாத்திரைகள்', எஸ்சிட்டலோபிராமைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. ஓமிப்ரசோலுடன் சேரும்போது இரத்தத்தில் இதன் அளவு ஏறக்குறைய பாதிப்பங்கு கூடிவிடும். அந்த நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பது ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடம் அதிகம். 10 மில்லிகிராமே சிலருக்கு 20 போலப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றோடு சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். இரத்தத் தட்டணுக்களுக்கும் செரோட்டோனின் தேவை என்பதே காரணம். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

கடுமையான வலிக்குத் தரும் டிரமடால், இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் ஆகியவையும் செரோட்டோனினை ஏற்றுபவை. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரும் லினசோலிட், இப்ரோனியாசிட்டின் தூரத்து உறவைப் போல, செரோட்டோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. இவை இதனுடன் சேரும்போது நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தசை விறைப்பு, மனக்குழப்பம் எல்லாம் ஒருசேரக் கிளம்பினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மது?

வேண்டாம். மாத்திரையோடு நேரடியாக மோதுவதைவிட, மனச்சோர்வையே மது ஆழப்படுத்துகிறது என்பதுதான் முதற்காரணம்.

கருவுற்றிருக்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். சரியா?

அப்படித் தாமாக நிறுத்தக் கூடாது. சிகிச்சையற்ற மனச்சோர்வு தாயின் உணவையும் உறக்கத்தையும் குலைத்துக் குழந்தையையும் பாதிக்கும். கடைசி மாதங்களில் இம்மருந்தை உட்கொண்ட தாயின் குழந்தைக்குப் பிறந்த சில நாட்கள் நடுக்கமும் சிணுங்கலும் இருக்கலாம். குழந்தைக்கு நுரையீரல் இரத்த அழுத்தச் சிக்கல் வருவது மிக அரிது. இரு பக்கத்தையும் எடைபோட்டுத் தொடர்வதா, குறைப்பதா என்று மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பாலூட்டும்போது தாய்ப்பாலில் கலப்பது சிறிதளவே.

அழுகை நின்றுவிட்டது, ஆனால் சிரிப்பும் வரவில்லை. ஏன்?

மனம் மரத்துப்போனது போன்ற இந்த உணர்வைப் பலர் சொல்கிறார்கள். நலமானவர்களுக்கு எஸ்சிட்டலோபிராமைச் சில வாரங்கள் கொடுத்து நடத்தி 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், பாராட்டு, பலன் ஆகியவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும் நுண்ணுணர்வு அவர்களுக்குக் குறைந்தது தெரியவந்தது. நோய் முழுதாகத் தீராததாலும் இப்படி இருக்கலாம். அளவைக் குறைத்தால் பலருக்குச் சரியாகிறது.

இப்போது நன்றாக இருக்கிறேன். நிறுத்தலாமா?

"நன்றாக இருக்கிறேன்" என்பது மாத்திரை வேலை செய்வதற்கான அடையாளம். அதன் வேலை முடிந்ததற்கான அடையாளம் அன்று. முதல் முறை மனச்சோர்வு வந்தவர், நலமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் அதே அளவில் தொடர்வது பொது வழக்கம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஆயுளுக்கும் போட வேண்டுமா என்று அஞ்சுகிறவர்களுக்கு 2021-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றைச் சொல்வேன். நீண்ட நாள் மனச்சோர்வு மாத்திரை உட்கொண்டு, நிறுத்தும் அளவுக்கு நலமாக உணர்ந்த 478 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறுபாதியினருக்கு அவர்கள் அறியாமலே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஓராண்டுக்குள் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. மாத்திரை காக்கிறது என்பதற்கு இது சான்று. நிறுத்தியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் நலமாகவே இருந்தார்கள் என்பதற்கும் இதுவே சான்று. நிறுத்த வேண்டாத நேரங்களும் உண்டு: மகளின் திருமண மாதம், தேர்வுக் காலம், வேலை மாறும் வாரம்.

எப்படி நிறுத்துவது?

ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், கலங்கலான கனவுகள், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும். பலர் இதை நோய் திரும்பியதாக எண்ணிவிடுகிறார்கள். நிறுத்திய சில நாட்களிலேயே தொடங்கி, மாத்திரை மீண்டும் போட்டதும் ஓரிரு நாளில் மறைந்தால் அது விலகல் விளைவு. வாரங்கள் கழித்து மெல்லக் கவிந்தால் நோய்.

குறைக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. 20-இலிருந்து 10-க்கு இறங்கும்போது மூளையில் அடைபட்ட கடத்திகளின் பங்கு சிறிதே குறைகிறது. 5-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போதோ ஒரேயடியாகச் சரிகிறது. அதாவது மலையிலிருந்து இறங்கும் பாதையில் கடைசிப் படிதான் மிக உயரமானது. ஆகவே கீழே வர வர அடிகளைச் சிறிதாக்கி, வாரங்களாகவோ மாதங்களாகவோ இறங்க வேண்டும். சிலர் செய்வதைப் போல ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது நல்ல முறையன்று. இரத்தத்தில் அளவு ஏறி இறங்கித் தொல்லையைக் கூட்டும். மாத்திரையைக் கோட்டில் பாதியாக உடைப்பது அல்லது மருத்துவர் எழுதித் தந்தால் சொட்டு மருந்தாக அளப்பது அதைவிட மேல்.

எனக்கு இது வேலையே செய்யவில்லை என்றால்?

முதல் மருந்திலேயே எல்லோரும் முழுதாகத் தேறிவிடுவதில்லை. சிட்டலோபிராமை முதல் மருந்தாகக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், முதற்கட்டத்தில் முழு நிவாரணம் பெற்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அடுத்து வேறு மருந்து, கூட்டு மருந்து, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று வழிகள் நீள்கின்றன. கடுமையான மனச்சோர்வில் மாத்திரையும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்தே நன்றாக வேலை செய்கின்றன. அடுத்த மருந்துக்குப் போகும் முன் முதல் மருந்து உரிய அளவில் ஆறு வாரம் உண்மையிலேயே உள்ளே போனதா என்று மட்டும் பாருங்கள். எட்டுக் குழி மட்டும் காலியான அட்டையை வைத்து மருந்து தோற்றது என்று எழுத முடியாது.

கையில் காசு குறைவு. ஐந்து மாத்திரை மட்டும் வெட்டித் தருவீர்களா?

கடைகளில் வெட்டித் தருவார்கள். ஆனால் காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். கத்தரிக்கோல் பட்டதும் உங்கள் துண்டில் தேதியும் இருக்காது, சில நேரம் மில்லிகிராமும் இருக்காது. வெட்டி வாங்கினால் இரண்டையும் அந்த உறையின் மேல் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையிலோ, மூலப்பெயர் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்திலோ முழு அட்டையாகவே வாங்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஐந்து மாத்திரை தீரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, கடை மூடியிருந்து, இரண்டு நாள் விட்டுப்போவதுதான் நான் கண்ட பல விலகல் தொல்லைகளின் தொடக்கம்.